ஒரே ஒரு போன், நாற்பது அட்டைகள்

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சார்’ என்று ஒரே குரலாகப் பதில் வரும். அந்தக் குரலுக்குள் உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணினால் முன்வரிசையில் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். மீதிப் பேர் வாயசைக்கிறார்கள். வகுப்பறையில் தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் காட்டுகிற சாமான்களைப் பற்றித்தான் பேசுகிறோம்: ஸ்மார்ட் போர்டு, வீடியோ, அனிமேஷன். காட்டுவது நம் ஆசிரியர்களுக்குப் புதிய வித்தையா என்ன? சாக்பீஸ் ஒன்று கிடைத்தால் போதும், காட்டிவிடுவார்கள். கேட்பதுதான் கஷ்டம். நாற்பது பேரின் பதிலையும், யார் எதைச் சொன்னார் என்பதோடு, ஒரே நிமிடத்தில் கேட்பது மனிதக் காதுக்கு முடியாது. எனவே பள்ளியில் இருப்பது ஆசிரியரின் போன் ஒன்றே ஒன்றுதான் என்றால் அதை முதலில் காதாகப் பயன்படுத்துங்கள். திரையாக மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம்.

அதற்குத் தோதான செயலி பிளிக்கர்ஸ். பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அட்டையின் நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம். ஒவ்வோர் அட்டைக்கும் அது வேறு. நான்கு விளிம்புகளிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும், மூலையில் அட்டை எண். பிள்ளை தன் விடைக்குரிய எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் முன்னால் நின்று போன் கேமராவை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினால் போதும். உருவத்தை வைத்து யார் என்றும், அது நிற்கும் திசையை வைத்து என்ன விடை என்றும் செயலி பதிந்துகொள்ளும். எழுத்துகள் பொடியாக இருப்பது காரணத்தோடுதான். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது. ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு என்பதால், அட்டை நிற்கும் விதத்தைப் பார்த்துத் தன்னுடையதையும் அப்படியே வைக்கலாம் என்ற தந்திரமும் பலிக்காது.

அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கி அச்சிடலாம். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள்; ஏ-4 தாளுக்கு இரண்டு வீதம் 20 தாள். பெரிய வகுப்புகளுக்கு 63 அட்டைகள் கொண்ட தொகுப்பும் இருக்கிறது. ஒரு பக்க அச்சு, கறுப்பு வெள்ளை போதும். ஜெராக்ஸ் கடையில் டோனர் தீரப்போகும் மெஷினில் அச்சிட்டால் கறுப்பு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்த அட்டைகளைக் கேமரா தவறவிடும். கறுப்பு கறுப்பாகவே விழுகிறதா என்று முதல் தாளைப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து எல்லோரும் செய்கிற தப்பு லேமினேஷன். பளபளக்கும் லேமினேஷன் போட்டால் டியூப்லைட்டும் ஜன்னலும் அட்டையில் வெள்ளைப் பட்டையாக அடிக்கும். உருவத்தில் பாதி மறைந்துபோகும். மேட் லேமினேஷன் கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டிவிடுங்கள், செலவும் இல்லை. ஒட்டும்போது பசையை ஓரங்களுக்கும் தடவ வேண்டும். நடுவில் மட்டும் தடவினால் ஓரம் சுருண்டு எழும்பும்.

பிள்ளைகள் பக்கம் வரும் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. அட்டையைத் தன் பக்கம் வைத்துப் பார்த்து, ‘பி’யை மேலே கொண்டுவந்துவிட்டு, அதை ஆசிரியர் பக்கம் திருப்பும்போது சிலர் தோசையைப் புரட்டுவதுபோல மேல் விளிம்பைக் கீழே கொண்டுபோய்ப் புரட்டுவார்கள். அப்போது எதிர் விளிம்பின் எழுத்து மேலே போய்விடும். விடை தெரிந்த பிள்ளைக்குத் தப்பு விழும். ஒரே பிள்ளைக்குத் தொடர்ந்து எதிர்ப்பக்க எழுத்தே பதிவாகிறது என்றால் பாடத்தில் சந்தேகப்படாதீர்கள், மணிக்கட்டைப் பாருங்கள். இதற்கு எளிய தீர்வு: அட்டையின் பின்புறம், முன்புறத்தில் எந்த விளிம்பில் எந்த எழுத்து இருக்கிறதோ அதே விளிம்பில் அதே எழுத்தை எழுதிவிடுவது. அப்புறம் பிள்ளை முன்பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். பின்பக்கத்தைத் தன்னைப் பார்த்து வைத்துக்கொண்டு திருப்பினால் போதும். கேள்வித்தாளில் அ, ஆ, இ, ஈ என்றே பழகிய சின்ன வகுப்புகளுக்கு அந்த எழுத்துகளையே பின்புறம் போடலாம். எழுதுவது பால்பாயின்ட் பேனாவாக இருக்கட்டும். மார்க்கர் மை மெல்லிய தாளில் ஊறி முன்பக்கம் தெரியும், உருவம் கெடும்.

அட்டை எண்ணை வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணோடு இணைக்கத்தான் முதலில் தோன்றும். வேண்டாம். நடுவில் ஒரு பிள்ளை சேர்ந்தாலோ, டி.சி. வாங்கிக்கொண்டு போனாலோ, அடுத்த முறை பதிவேடு எழுதும்போது வரிசை மாறும். அட்டை எண் தனியாக, வருடம் முழுக்க ஒருவருக்கு ஒன்று என்றே இருக்கட்டும். செயலியில் பிள்ளையின் முழுப்பெயர், அப்பா பெயர் எல்லாம் ஏற்றவும் தேவையில்லை. ‘7’ என்றோ ‘7-க’ என்றோ போட்டாலே உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு சர்வரில் நம் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் கிடந்து யாருக்கு என்ன பயன்? 2023-இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கில் எடுக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ஓடும்போது நிற்கும் இடம் முக்கியம். பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால், கேமரா ஜன்னல் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்; அட்டைகள் எல்லாம் இருட்டாகிவிடும். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். கடைசி பெஞ்சு அட்டைகள் முன்பெஞ்சுத் தலைகளுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். பின்வரிசை மட்டும் தலைக்கு மேலே தூக்கட்டும். விரல்கள் வெள்ளை ஓரத்தில்தான் இருக்க வேண்டும், கறுப்பைத் தொடக் கூடாது. இவ்வளவும் செய்தும் சில அட்டைகள் விடுபட்டால் நாலடி முன்னே நடந்து போங்கள். லென்ஸை ஒருமுறை துணியால் துடைப்பதும் வீண்வேலை இல்லை. சட்டைப்பையில் கிடக்கும் போன் அல்லவா.

புரொஜெக்டரோ டிவியோ இருந்தால் கேள்வியைத் திரையில் காட்டலாம். இல்லையென்றால் பலகையில் எழுதுங்கள், செயலிக்கு அதுவும் ஒன்றுதான். திரை இருக்கும் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: விடைகளின் வரைபடம் ஸ்கேன் முடியும்வரை திரையில் தெரியக் கூடாது. ‘சி’ பட்டை உயர்வதைப் பார்த்ததும் பத்து அட்டைகள் மெல்ல ‘சி’க்குத் திரும்பும். அது விடை அல்ல, ஊரோடு ஒத்து வாழ்தல்.

இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு ஐந்து கேள்விகள்தான். குறையாகத் தோன்றும், எனக்கு இது வரமாகவே படுகிறது. ஒரு பாடவேளைக்கு இரண்டு கேள்விகளுக்கு மேல் போனால் பாடம் பரீட்சையாகிவிடும். இருக்கிற இரண்டையும் எப்படிச் செய்வது என்பதில்தான் உழைப்பைப் போட வேண்டும்.

ஆறாம் வகுப்புப் பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 எவ்வளவு? விடைகள்: ஏ. 2/5, பி. 5/6, சி. 1/6, டி. 2/6. சரியான விடை பி என்பது இங்கே பெரிய விஷயமில்லை. ‘ஏ’ காட்டும் பிள்ளை தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறாள். ‘சி’ காட்டுபவன் கூட்டலைப் பெருக்கலாகச் செய்திருக்கிறான். ‘டி’ காட்டுபவள் பொதுப் பகுதி 6 என்பதுவரை சரியாக வந்துவிட்டு, தொகுதிகளை மாற்ற மறந்துவிட்டாள். அவளுக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. மூன்று பேருக்கும் மூன்று வைத்தியம். ஆனால் காகிதத்தில் திருத்தினால் மூன்று பேருக்கும் ஒரே சிவப்புக் குறிதான் விழும். தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி 7/9, 4/11 என்று போட்டு நிரப்பினால் இந்தத் தகவல் எதுவும் கிடைக்காது; சரி எத்தனை, தப்பு எத்தனை என்ற எண்ணிக்கை மட்டுமே மிஞ்சும். தமிழிலும் இப்படித்தான். ‘மரவேர்’ என்பதைப் பிரிக்கச் சொல்லும்போது ‘மர + வேர்’ என்பது விடைகளில் ஒன்றாகக் கட்டாயம் இருக்க வேண்டும். அதைத் தொடுகிறவர்களுக்கு ‘மரம்’ என்பதன் ஈற்று மகரம் கெட்டது இன்னும் மனதில் பதியவில்லை.

நல்ல தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது? போன தேர்வு விடைத்தாள் கட்டிலிருந்து. ஒரே கேள்விக்கு இருபது தாளைப் புரட்டினால் பிள்ளைகள் எந்தெந்த வழியில் தப்பு செய்கிறார்கள் என்று மூன்று நான்கு வகைகள் தாமாகவே வெளியே வரும். அவற்றை அப்படியே எடுத்துப் போடுங்கள். இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வரும் கேள்விகள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வகுப்பின் தப்பு உங்கள் விடைத்தாளில்தான் இருக்கிறது.

முடிவு வந்ததும் என்ன செய்வது என்பதற்கு, ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இன்றும் கைகொடுக்கிறது. சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தை வேறு வழியில் மறுபடி நடத்த வேண்டும். 70-க்கு மேலே போனால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடையில் நின்றால் விடையைச் சொல்லாமல், ‘பக்கத்துல வேற விடை வச்சிருக்கிறவங்கள பாத்து ஏன்னு கேளுங்க’ என்று இரண்டு நிமிடம் பேசவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் கணக்கு எளிது: 12-க்குக் கீழே, 28-க்கு மேலே, நடுவில். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் வரைபடத்தைக் காட்டாதீர்கள். காட்டினால் பேச்சு நின்றுவிடும். ஜெயித்த பட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லோரும் கை கட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

நெட் இல்லாத பள்ளியில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான்கு நிறக் காகிதத் துண்டுகளைக் கொடுத்துத் தூக்கச் சொன்னாலே பாதிப் பலன் வந்துவிடும். விடைகளின் விகிதம் கண்ணுக்கே தெரியும். செயலி கூடுதலாகத் தருவது நினைவு: போன மாதம் ‘2/5’ காட்டியவர்கள் யார் யார் என்று எண்ணோடு இருக்கும் பட்டியல்.

இப்போது திரைக்கு வருவோம். திரையில் காட்ட ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் ஃபெட் உருவகப்படுத்தல்களை, அதாவது திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் சோதனைகளைத்தான் சொல்வேன். 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. முழுக்க இலவசம். பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. தளத்தில் மொழிபெயர்ப்புகள் பகுதிக்குள் போய்த் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகப் பெரிய வசதி, புதிய வகை உருவகப்படுத்தல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். ஒருமுறை வீட்டில் இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொண்டால் வகுப்பில் நெட்டே வேண்டாம். போனில் திறக்கும்போது மட்டும் கோப்பு வேறு ஏதாவது செயலியில் திறந்து வெள்ளைப் பக்கமாக நிற்கக்கூடும். ‘இதைக் கொண்டு திற’ என்று வரும் இடத்தில் க்ரோமைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்ப் பதிப்பின் கலைச்சொற்கள் நம் பாடநூலோடு பொருந்துகின்றனவா என்று முதல் நாளே பார்ப்பது நல்லது. பொருந்தாத சொல் இருந்தால் இரண்டையும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மின்சுற்றுப் பாடத்தில் இதை அட்டையோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். முதலில் கேள்வி: ஒரு பேட்டரி, இரண்டு ஒரே மாதிரி பல்புகள், தொடரிணைப்பு. மின்னோட்டம் முதலில் போய்ச் சேரும் பல்பு, அடுத்ததை விட எப்படி எரியும்? ஏ. அதிக வெளிச்சமாக. பி. குறைவாக. சி. இரண்டும் சமமாக. டி. இரண்டாவது எரியவே எரியாது. ‘ஏ’ நிறைய வரும். மின்னோட்டத்தை முதல் பல்பு கொஞ்சம் சாப்பிட்டுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் அவ்வளவு வலுவாக இருக்கிறது. இப்போது எதையும் விளக்காதீர்கள். மவுஸை ஒரு பிள்ளை கையில் கொடுத்துச் சுற்றை இணைக்கச் சொல்லுங்கள். ஆசிரியரே இணைத்தால் அது இன்னொரு வீடியோ.

நேர்மின்னோட்டச் சுற்றுக்கான அந்த உருவகப்படுத்தலில் பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று இருக்கும். ஒற்றைப் பல்பை இணைத்து அம்மீட்டரை வைத்தால் 0.90 ஆம்பியர் காட்டும். தொடராக இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் 0.45. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னே வையுங்கள், இரண்டு பல்புகளுக்கும் நடுவே வையுங்கள், கடைசிப் பல்புக்குப் பின்னே வையுங்கள்: மூன்று இடத்திலும் 0.45. இந்த மூன்று அளவுகள்தான் பாடமே. கம்பிக்குள் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் ஓடுவதையும் பார்க்கலாம். பல்பைத் தாண்டியதும் அவை குறைவதுமில்லை, மெதுவாவதுமில்லை. இதைப் பார்த்த பிறகு அதே கேள்விக்கு மறுபடி அட்டை. அப்புறம் பக்க இணைப்புக்குப் போய், பேட்டரி அருகே 1.80 ஆம்பியர் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு அவர்களை மண்டையை உடைத்துக்கொள்ள விடுங்கள்.

எலக்ட்ரான் ஓடும் திசையும் மரபு மின்னோட்டத் திசையும் எதிரெதிர். பாடநூல் படத்தில் அம்புக்குறி ஒரு பக்கம், திரையில் நீலப் புள்ளிகள் மறுபக்கம் என்றால் கூர்மையான பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். மரபு மின்னோட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் தெரிவு திரையிலேயே இருக்கிறது. எதைக் காட்டப்போகிறோம் என்று முன்பே முடிவெடுத்துவிடுங்கள்.

உருவகப்படுத்தல் முடிந்த கையோடு நிஜப் பல்பையும் எரித்துக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. டார்ச் பல்பு இரண்டு, செல் இரண்டு, கொஞ்சம் வயர். நிஜத்தில் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது. இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் மின்னோட்டம் சரிபாதியாகக் குறையாமல், பாதிக்குச் சற்று மேலே நிற்கும். காரணம், மங்கலாக எரியும் இழை அவ்வளவு சூடாக இருக்காது. சூடு குறைந்தால் அதன் மின்தடையும் குறையும். கடையில் வாங்கும் இரண்டு பல்புகளும் ஒன்றுபோல இருக்காததால் ஒன்று கொஞ்சம் தூக்கலாகவும் எரியலாம். ‘அப்ப ஏ தானே சரி?’ என்று யாராவது துள்ளினால், இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். வெளிச்சமும் பல்போடு சேர்ந்து இடம் மாறும். திரையில் குறுக்குச்சுற்று செய்தால் பேட்டரி தீப்பிடித்து எரியும். பிள்ளைகள் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்கள், செய்யட்டும். வீட்டு பிளக் பாயின்ட்டில் இது விளையாட்டு இல்லை என்பதை மட்டும் அன்றைக்கே, அதே வகுப்பிலேயே அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

கணக்குக்கு ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலி. நம் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதியிலேயே பல இடங்களில் இது வருகிறது. நெட் இல்லாமல் ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் பதிப்பு இருக்கிறது. இதில் ஒரு பொறி: சுட்டியால் ஓர் அச்சை இழுத்துக் கொஞ்சம் விளையாடினாலே இரு அச்சுகளின் அளவுத்திட்டமும் வேறு வேறாகிவிடும். அப்போது சாய்வு 2, சாய்வு -1/2 என்று இரு கோடுகள் வரைந்தால் அவை செங்குத்தாக வெட்டுவதாகத் தெரியாது, வட்டம் முட்டையாகத் தெரியும். கணக்குத் தப்பு என்று வகுப்பே நினைக்கும். வலது கிளிக் செய்து அச்சுகளின் விகிதத்தை 1:1 ஆக்கிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.

பாடநூலில் அச்சாகியிருக்கும் விரைவுக் குறியீடுகளுக்கு (கியூஆர் கோடு) வருகிறேன். 2017-இல் தொடங்கிய திக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தோடு இணைந்தவை. குறியீடு கிழிந்திருந்தாலோ கேமரா படிக்கவில்லை என்றாலோ கவலை வேண்டாம். அதன் கீழே அச்சாகியிருக்கும் ஆறு எழுத்துக் குறிச்சொல்லைத் தட்டச்சு செய்தாலும் அதே பக்கத்துக்குப் போகும். பின்னால் என்ன இருக்கிறது என்று முதல்நாள் இரவே பார்த்து, வேண்டியதைச் செயலிக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் வீடியோவை முழுசாக ஓட்டுவதில் பலன் குறைவு. சத்தத்தை அணைத்துவிட்டு முதல் ஒரு நிமிடத்தை ஓட்டி, ‘இதுல என்ன நடக்குது?’ என்று கேளுங்கள். பிறகு சத்தத்தோடு ஓட்டுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

கேள்விகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்காரும்போது நிறையப் பேர் தலையில் கைவைக்கும் இடம் எழுத்துரு. பல பள்ளிகளில் கேள்வித்தாள்கள் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோதான் அடிக்கப்படுகின்றன. அவை தமிழ் எழுத்து மாதிரி தெரியும் ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த ‘அம்மா’வை எடுத்துச் செயலியில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். செயலியில் கோளாறு இல்லை. அங்கே பாமினி இல்லை, அவ்வளவுதான். எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது, நாம்தான் இன்னும் மாறவில்லை. பழைய கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள். மாற்றியில் மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானவில் கோப்புக்குப் பாமினி என்று கொடுத்தால் குப்பை வேறு குப்பையாகும், அவ்வளவே.

பாடநூல் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தாலும் இதே கதைதான். கொம்பும் காலும் இடம் மாறி, சொல் சிதைந்து வரும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் படித்துக் கொடுத்துவிடும். ஒருமுறை மேய்ந்து ‘ர’, ‘ற’ இரண்டையும் ‘ன’, ‘ண’ இரண்டையும் சரிபார்த்தால் போதும். பின்னம், வர்க்கமூலம், வேதிச் சமன்பாடு வரும் கேள்விகளை எழுத்தாக அடித்துக் கஷ்டப்படாமல் படமாகவே ஏற்றிவிடுங்கள்.

ஹைடெக் லேப் இருக்கும் பள்ளிகளில் கூகுள் ஃபார்ம்ஸ் வினாடிவினா நன்றாக ஓடும். பார்த்து எழுதாமல் இருக்க விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதி அதில் உண்டு. அதைப் போட்டுவிட்டு, நான்காவது விடையாக ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று வைத்திருந்தால் சிலருக்கு அது முதல் விடையாகப் போய் உட்காரும். மேலே ஒன்றுமே இருக்காது. ‘ஏ-யும் பி-யும்’ என்பதற்கும் இதே கதி. கஹூட் என்ற வினாடிவினா விளையாட்டைப் பொறுத்தவரை ஆண்டுவிழாவுக்கு நல்லது என்பேன். வழக்கமான அமைப்பில் சரியான விடைக்கு வேகத்தைப் பொறுத்து 1000 புள்ளிகள் வரை கிடைக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை கேள்வியை முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். விடை தெரிந்தும் கடைசியில் நிற்கிற பிள்ளை அடுத்த கேள்விக்கு யோசிப்பதையே விட்டுவிட்டுக் கிடைத்த நிறத்தைத் தட்டும்.

போனை டிவியோடு இணைப்பதில் பணம் வீணாவதைத் தடுக்க ஒரு வார்த்தை. சி-டைப் துளையிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் சின்ன அடாப்டர்களை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிவந்து, படம் வரவில்லை என்று அடாப்டரைத் திட்டுகிறோம். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அந்தத் துளை சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். படத்தை வெளியே அனுப்பும் வசதியே அதில் கிடையாது. உங்கள் மாடலுக்கு அந்த வசதி உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வைஃபை வழியாகத் திரையைப் பகிர்வதும் அதே போனை ஹாட்ஸ்பாட்டாக வைப்பதும் ஒரே நேரத்தில் பல போன்களுக்கு ஒத்துவராது, நடுவில் அறுந்துபோகும். பென்டிரைவே நம்பகமானது. எப்ஏடி-32 வடிவில் ஃபார்மட் செய்தால் பெரும்பாலான டிவிகள் படிக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. வீடியோ ஓடுகிறது, ஆனால் படம் வராமல் சத்தம் மட்டும் வருகிறது என்றால் கோப்பு எச்-265 என்ற புதிய வீடியோ வகையாக இருக்கலாம். எச்-264 ஆக மாற்றிவிட்டால் பழைய டிவியிலும் ஓடும். லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ போட்டதும் சத்தம் எங்கிருந்தும் வரவில்லையா? கீழே ஸ்பீக்கர் குறியைத் தட்டி, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள்.

கேட்ட கேள்விகளை அழிக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, வேறு பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது, 1/2 + 1/3-ஐ 1/4 + 1/3 ஆக மாற்றித் திடீரென்று ஒருமுறை கேளுங்கள். அன்றைக்கு ‘பி’ காட்டியவர்களில் யார் மறுபடி தொகுதியையும் பகுதியையும் கூட்டத் தொடங்கியிருக்கிறார்கள் என்று எண்ணோடு தெரியும். அந்த நாலைந்து பேரை மட்டும் மதியம் பத்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். முழு வகுப்புக்கும் மறுபடி நடத்த வேண்டியதில்லை.

அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், நடுவில் வளைந்துவிடும். வளைந்த அட்டையைப் பின்வரிசையிலிருந்து கேமரா படிக்காது. பழைய இனிப்பு டப்பாவில் படுக்கை வசமாக அடுக்கினால் வருடம் தாங்கும். ஏதாவது ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு அட்டைகள் இருப்பதால் 27-ஐத் தொலைத்தவனுக்காக அச்சிடும்போது இன்னொன்றும் உபரியாக வரும். அதையும் டப்பாவிலேயே போட்டு வையுங்கள், அடுத்து அதுதான் தொலையும்.